நட்சத்திர மீனுக்கு முன்பக்கம் எது?

போன இதழில் ஒரு சங்கின் படத்தைப் போட்டு, இதற்கு வலம் எது, இடம் எது என்று கேட்டிருந்தேன். விடை எழுதியவர்களைவிட, அதைச் சாக்காக வைத்து வேறு கேள்வி கேட்டவர்கள்தான் அதிகம். பாதிப் பேர் பிளஸ் ஒன் பிள்ளைகள். ‘சமச்சீர்’, ‘கட்டமைப்பு நிலைகள்’ என்று வரும் பாடம் அவர்களைப் படுத்துகிறது போலிருக்கிறது. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் 31 வருஷம் இதே பாடத்தை நடத்தியவள் நான். எனக்கு மிகவும் பிடித்த பாடமும் இதுதான். அதனால் இந்த முறை முழுக்க இதையே எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், ஜெல்லி மீனும் நட்சத்திர மீனும் ஆரச் சமச்சீர், மண்புழு இருபக்கச் சமச்சீர் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்கிறேன். பரீட்சை ஹாலில் எல்லாம் குழம்பிவிடுகிறது. மறக்காமல் இருக்க வழி சொல்லுங்கள்.
– பிளஸ் ஒன் மாணவி, முசிறி

அட்டவணையை மூடி வை கண்ணு. ஒவ்வொரு விலங்கையும் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேள்: இதற்குச் சாப்பாடு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?

ஜெல்லி மீனை எங்கள் பக்கம் சொறி என்பார்கள். அதில் ஒரு வகை வெளிறிய தட்டு மாதிரி இருக்கும், ஓரத்தில் மெல்லிய இழைகள் தொங்கும், மற்றச் சொறிகள் அளவுக்கு அரிக்காது. என் பிள்ளைகள் ஒருநாள் அதைப் பிளாஸ்டிக் பேசினில் கடல் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு வந்தார்கள். மேலிருந்து பார்த்தால் நடுவில் குதிரை லாடம் போல நான்கு வளையம் தெரியும். முட்டையோ விந்தோ உருவாகும் இடம் அது. பேசினை மேசைமேல் வைத்து, எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, கால் வட்டம் திருப்பி வைத்தேன். கண்ணைத் திறந்தவர்களில் ஒருவருக்கும் நான் திருப்பியது தெரியவில்லை. மறுபடி கால் வட்டம். அப்போதும் தெரியவில்லை. பிறகு அதே பேசினில் ஒரு சாளை மீனைப் போட்டுத் திருப்பினேன். பின் பெஞ்சுவரை எல்லோரும் உடனே சொல்லிவிட்டார்கள். ஆரச் சமச்சீர், இருபக்கச் சமச்சீர் இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவுதான்.

சொறி மிதக்கிற பிராணி. இரை எந்தத் திசையிலிருந்தும் வரலாம், ஆபத்தும் அப்படியே. எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி காவல் வைத்தால்தான் பிழைக்கும். பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்தி, குளத்தில் இலைக்கடியில் தொங்கும் ஹைட்ரா, இவற்றுக்கும் இதே கணக்கு.

மண்புழுவுக்கு நிலைமை வேறு. அது ஒரு திசையில் போகிறது. போகிற முனைதான் மண்ணை முதலில் தொடுகிறது, ஈரத்தை அறிகிறது, மக்கிய இலையை விழுங்குகிறது. அதனால் வாயும் நரம்பு முடிச்சும் அந்த முனையிலேயே குடியேறிவிட்டன. தலை என்று ஒன்று வந்ததே இப்படித்தான். தரையைத் தேய்க்கும் பக்கம் ஒன்று, வானத்தைப் பார்க்கும் பக்கம் ஒன்று என்று மேலும் கீழும் பிரிந்துவிட்டன. முன்பின்னும் மேல்கீழும் முடிவான பிறகு மிச்சமிருப்பது வலமும் இடமும் மட்டும். அந்த இரண்டும் ஒத்திருந்தால்தான் நேராகப் போக முடியும். ஒரு பக்கம் கனத்தால் வட்டமடிக்க வேண்டியதுதான்.

நட்சத்திர மீனில்தான் எல்லோரும் வழுக்குகிறார்கள். முட்டையிலிருந்து வரும் அதன் லார்வா நட்சத்திரமாகவே இருக்காது. கண்ணாடி போன்ற ஒரு சிறு உருவம், வலம் இடம் ஒத்த இருபக்கச் சமச்சீர், நீந்தித் திரியும். அப்புறம் அந்த லார்வாவின் இடப்பக்கத்தில் ஐந்தாகப் பிரிந்த புது உடல் ஒன்று முளைக்கிறது. அதுதான் வளர்ந்து நட்சத்திரமாகிறது. ஆக, நட்சத்திர மீன் சேர்ந்திருக்கும் முட்தோலிகள் என்ற கூட்டத்தின் ஐந்து பக்க அமைப்பு பிறவியிலேயே வந்ததல்ல, நடுவில் போட்டுக்கொண்ட சட்டை. பரீட்சையில் ‘லார்வா இருபக்கச் சமச்சீர், முதிர் உயிரி ஐந்தார ஆரச் சமச்சீர்’ என்று இரண்டையும் எழுது.

இதோடு ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 1994 காலாண்டுத் தேர்வில், கடலட்டையின் சமச்சீர் என்ன என்று கேட்டிருந்தேன். கடலட்டையும் முட்தோலிதான், முட்தோலிகள் என்றால் ஆரச் சமச்சீர் என்று விடைக்குறிப்பில் எழுதி வைத்திருந்தேன். ஒரு மீனவர் வீட்டுப் பையன் ‘இருபக்கம்’ என்று எழுதினான். தப்பு போட்டேன். மறுநாள் வாளியில் ஒரு வெள்ளை அட்டையோடு வந்து நின்றான். “இங்க பாருங்க டீச்சர், மேல கறுப்பு, கீழ வெள்ளை. கால் எல்லாம் கீழதான் இருக்கு. வாய் முன்னால, இது பின்னால. வலமும் இடமும் ஒண்ணா இருக்கு.” நான் வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். அவன் சொன்னது அத்தனையும் உண்மை.

உள்ளே அறுத்துப் பார்த்தால் ஐந்து இருக்கிறது என்பதும் உண்மை. இதைப் புரிந்துகொள்ள அரிவாள்மனையும் வெண்டைக்காயும் போதும். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து அறையோடு நட்சத்திரம் மாதிரி வில்லை விழும். அந்த வில்லை நட்சத்திர மீன். நறுக்காத முழு வெண்டைக்காயைத் தரையில் படுக்க வைத்தால் கடலட்டை. ஐந்து வரிகளும் காம்பிலிருந்து நுனிவரை ஓடுகின்றன. படுத்துவிட்டதால் மூன்று வரிகள் தரைப்பக்கம் வந்து, அவற்றின் குழாய்க்கால்கள் நடக்க உதவுகின்றன. இரண்டு வரிகள் முதுகுப்பக்கம் போய்விட்டன. படுத்து ஊர ஆரம்பித்த விலங்கு, மறுபடியும் இருபக்கச் சமச்சீருக்குத் திரும்பிவிட்டது. அந்தப் பையனுக்கு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். அன்றிலிருந்து என் விடைக்குறிப்பிலும் ‘வெளித்தோற்றத்தில் இருபக்கம், உள்ளமைப்பில் ஐந்தாரம்’ என்றுதான் இருந்தது.

(இப்போது யாரும் வாளியில் அட்டை கொண்டுவந்து விடாதீர்கள். 2001ல் கடலட்டைகள் எல்லாமே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.)

ஹைட்ராவுக்கு வாய் இருக்கிறது, உணர்நீட்சிகள் இருக்கின்றன. இவை உறுப்புகள்தானே? பிறகு ஏன் ‘திசு நிலை’ என்று சொல்கிறார்கள்?
– நீட் தேர்வுக்குப் படிக்கும் மாணவர், ராசிபுரம்

நல்ல கேள்வி தம்பி. பெயர் இருப்பதெல்லாம் உறுப்பாகிவிடாது.

கரைவலை இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு கயிற்றில் இருபது பேர் வரிசையாக நின்று ஒரே மாதிரி இழுப்பார்கள். அது திசு: ஒரே வகைச் செல்கள், ஒரே வேலை. வள்ளத்தில் போகிறவர்கள் அப்படியில்லை. ஒருவர் சுக்கான் பிடிப்பார், ஒருவர் வலை விடுவார், ஒருவர் தண்ணீர் இறைப்பார். வேலை வேறு வேறு, காரியம் ஒன்று. அது உறுப்பு. ஹைட்ராவின் உணர்நீட்சியை வெட்டிப் பார்த்தால் உடம்பில் உள்ள அதே இரண்டு அடுக்குதான் அங்கேயும் நீண்டிருக்கும்: வெளியே புறப்படை, உள்ளே அகப்படை, நடுவே மெல்லிய பசை. பல திசுக்கள் கூடிக் கட்டிய தனி அமைப்பு அங்கே கிடையாது.

தட்டைப்புழுக்களில் மூன்றாவதாக நடுப்படை வந்து சேர்கிறது. தசைகள் அதிலிருந்துதான் வருகின்றன. பிளனேரியா என்ற தட்டைப்புழுவின் தொண்டையில் தசை, நரம்பு, சுரப்பி மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. கழிவு நீரை வெளியேற்றச் சுடர் செல்களும் குழாய்களும் இருக்கின்றன. அதனால் அது உறுப்பு நிலை. உருளைப்புழுக்களிலிருந்து நம் வரைக்கும் உறுப்பு மண்டல நிலை. தேர்வுக்கு இந்த வரிசை போதும்.

தேர்வைத் தாண்டிச் சொன்னால், இந்தக் கோடுகள் நாம் வசதிக்காகப் போட்டவை. பெட்டி ஜெல்லி மீன் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அதற்கு 24 கண்கள். குடைபோன்ற உடலின் நான்கு பக்கமும் பக்கத்துக்கு ஆறு. அந்த ஆறில் இரண்டுக்கு லென்ஸே உண்டு. மூளை என்று தனியாக ஒன்று இல்லை. லென்ஸ் வைத்த கண்ணை உறுப்பு இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? ‘திசு நிலை’ என்று எழுதி மதிப்பெண் வாங்குங்கள், அந்தக் கண்களையும் மறந்துவிடாதீர்கள்.

என் பேரன் கடற்பஞ்சு ஒரு விலங்கு என்கிறான். அசைவதில்லை, வாயில்லை, தலையில்லை. நம்ப முடியவில்லை அம்மா. விலங்கு என்றால் எந்த அர்த்தத்தில்?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், தஞ்சாவூர்

பேரன் சொல்வது சரி ஐயா. நீங்கள் நம்ப மறுப்பதிலும் நியாயம் இருக்கிறது. மிகப் பழைய காலத்திலிருந்தே அறிஞர்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள்.

கடற்பஞ்சு தானாக உணவு தயாரிப்பதில்லை, தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. உடல் முழுக்க நுண்துளைகள். உள்ளே, கழுத்தில் பட்டை கட்டியது போன்ற செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சாட்டை. லட்சக்கணக்கான சாட்டைகள் விடாமல் அடித்து, துளைகள் வழியாகத் தண்ணீரை இழுத்து, மேலே உள்ள பெரிய திறப்பு வழியாக வெளியே தள்ளுகின்றன. விரல் அளவுக் கடற்பஞ்சு ஒன்று, ஒரு நாளில் தன் உடலைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான தண்ணீரை வடிகட்டிவிடும். எங்கள் பள்ளிக்குக் கொண்டுவந்த ஒன்றின் பக்கத்தில் சொட்டு நீல மை விட்டுக் காட்டினேன். பக்கவாட்டில் விட்ட மை சற்று நேரத்தில் உச்சியிலிருந்து புகை மாதிரி கிளம்பியது. அசைவதில்லை என்று அதுவரை நினைத்திருந்த பிள்ளைகள் கத்திவிட்டார்கள். அசைவு முழுக்க உள்ளே.

இது ‘செல் நிலை’. செல்கள் வேலையைப் பிரித்துக்கொண்டிருக்கின்றன, ஆனால் ஒன்றோடொன்று நிரந்தரமாகக் கட்டுண்டு கிடக்கவில்லை. இதைப் பளிச்சென்று காட்டியவர் அமெரிக்காவில் இருந்த எச்.வி. வில்சன். 1907ல் அவர் உயிருள்ள சிவப்புக் கடற்பஞ்சைத் துண்டாக்கி, நுண்ணிய பட்டுத் துணியில் வைத்துக் கடல் தண்ணீருக்குள் பிழிந்தார். செல்கள் தனித்தனியாகச் சிதறி அடியில் படிந்தன. பிறகு நகர்ந்து ஒன்றையொன்று தொட்டு, கட்டியாகி, நாள்போக்கில் மறுபடியும் துளையும் அறையுமாகக் கடற்பஞ்சாகிவிட்டன. ஒரு மீனையோ தவளையையோ இப்படிப் பிழிந்துவிட்டுத் திரும்பக் கேட்க முடியுமா?

சமச்சீர் என்று பார்த்தால் பெரும்பாலான கடற்பஞ்சுகளுக்கு அது கிடையாது. நீரோட்டம் எப்படி வருகிறதோ, பாறையில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அதற்கேற்ற வடிவம். இதைச் சிலர் ‘கீழ்நிலை விலங்கு’ என்று எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். 50 கோடி வருஷத்துக்கு மேலாகக் கடலில் நிலைத்திருக்கும் ஓர் உயிரை எந்தக் கணக்கில் கீழ் என்பது? எளிய அமைப்பு என்று சொல்லுங்கள், அது சரி.

எங்கள் ஊரில் நாக்கு மீன் வாங்கும்போதெல்லாம் மகள் கேட்கிறாள்: ‘இரண்டு கண்ணும் ஏன் ஒரே பக்கம்? இது ஊனமா?’ என்ன பதில் சொல்ல?
– இல்லத்தரசி, பொறையார்

ஊனமில்லை அம்மா. பிறக்கும்போது அதற்கும் கண்கள் பக்கத்துக்கு ஒன்றாகத்தான் இருந்தன. குஞ்சு மற்ற மீன்களைப் போல நிமிர்ந்துதான் நீந்தும். சில வாரங்களில் ஒரு கண் மெல்ல நகர்ந்து, தலை உச்சியைத் தாண்டி மறுபக்கத்துக்கு வந்துவிடும். மண்டை எலும்பே முறுக்கிக்கொள்ளும். அதன் பிறகு மீன் ஒரு பக்கமாகச் சாய்ந்து மணலில் படுத்துவிடும். கண் இருக்கும் பக்கம் மணல் நிறம், படுத்திருக்கும் பக்கம் வெள்ளை. தரையில் அப்பிக்கொண்டு வாழ்வதற்கு, வயிற்றுப்பக்கமாகப் படுக்கும் திருக்கை ஒரு வழியைக் கண்டது. நாக்கு மீன் விலாப்பக்கமாகப் படுக்கும் வழியைக் கண்டது.

அடுத்த முறை மகளையும் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போங்கள். கண் உள்ள பக்கம் மேலே இருக்க, வயிற்றுப்பக்கம் உங்களைப் பார்க்க மீனை வையுங்கள். தலை உங்கள் இடக்கைப் பக்கம் இருந்தால் கண்கள் மீனின் இடப்பக்கத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். சன்னமான நாக்கு மீன்கள் எல்லாம் அப்படித்தான். கூடவே எருமை நாக்கு கிடைத்தால் அதையும் பாருங்கள், கனமான மீன், வாய் நிறையப் பல். அதில் சிலவற்றுக்குக் கண் இடப்பக்கம், சிலவற்றுக்கு வலப்பக்கம். ஒரு கண் முழுசாக மறுபக்கம் வந்து சேராமல் தலை விளிம்பிலேயே நின்றிருக்கும். கண் நகர்ந்த கதையைப் பாதியில் நிறுத்திக் காட்டுவது போல இருக்கும்.

உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எருமை நாக்கின் அறிவியல் பெயர் செட்டோடஸ் எருமெய். 1801ல் ஐரோப்பியர் வைத்த பெயர். அந்த ‘எருமெய்’ நம் எருமைதான். உங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியிலிருந்து மீன்கள் ஜெர்மனிக்குப் போன காலம் அது. ஊர்க்காரர்கள் சொன்ன பெயரையே எழுதிக்கொண்டார்கள்.

மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு மண்புழு ஆகுமா?
– ஐந்தாம் வகுப்பு மாணவன், அரியலூர்

ஆகாது தம்பி. தலைப்பக்கத் துண்டு நீளமாக இருந்தால் பிழைத்து வாலை வளர்த்துக்கொள்ளலாம். வால் துண்டு கொஞ்ச நேரம் துடிக்கும், பிறகு இறந்துவிடும். வெட்டிப் பார்க்க வேண்டாம். வெட்டினால் இரண்டாகிறது பிளனேரியா என்ற வேறு ஒரு புழு.

போன இதழ்ச் சங்குக்கு விடை என்ன? வலம்புரியை அறிவியலில் இடது சுற்று என்கிறார்களாமே. யார் சொல்வது சரி? நான் வாங்கியது அசலா என்றும் தெரியவில்லை.
– ஜவுளிக்கடை வைத்திருப்பவர், கோவில்பட்டி

இருவர் சொல்வதும் சரி. சங்கைப் பிடிக்கிற விதம்தான் வேறு.

விலங்கியலார் சுருள் முனை மேலே இருக்க, திறப்பு தங்களைப் பார்க்கப் பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் சாதாரணச் சங்கின் திறப்பு வலப்பக்கம் வரும். வலச்சுற்று என்கிறார்கள். நம் வழக்கத்தில் கூரான வால் பகுதி மேலே இருக்கப் பிடிக்கிறோம். அப்போது அதே திறப்பு இடப்பக்கம் வந்துவிடும். இடம்புரி என்கிறோம். ஆகவே நம் வலம்புரி அவர்களுக்கு இடச்சுற்று. போன இதழில் போட்டது சாதாரண இடம்புரி.

சுற்றும் திசையை நிர்ணயிப்பது ஓடல்ல, கரு. நத்தை இனங்களில் முட்டை சில செல்களாகப் பிரியும்போதே எந்தப் பக்கம் சாய்ந்து பிரிவது என்பது முடிவாகிவிடுகிறது. அதிலும் குஞ்சின் மரபணு செல்லாது, தாயின் மரபணுதான் செல்லும். 1923லேயே ஸ்டர்டிவான்ட் என்ற மரபியல் அறிஞர் இதை விளக்கினார். குளத்து நத்தை ஒன்றில் இதற்குக் காரணமான ஜீன் எது என்பது 2016ல் தெரியவந்தது. அதே வருஷம் லண்டனில் ஓர் இடச்சுற்றுத் தோட்டத்து நத்தை அகப்பட்டது. ஜெரமி என்று பெயர் வைத்தார்கள். உடல் முழுவதும் கண்ணாடியில் பார்த்தது போல மாறியிருந்ததால் மற்ற நத்தைகளோடு இணைசேர முடியவில்லை. இன்னோர் இடச்சுற்று நத்தையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. கடைசியில் 2017ல் அதற்குக் குஞ்சுகள் வந்தன. எல்லாம் வலச்சுற்று.

இனி உங்கள் சங்கு. வலம்புரி என்று விற்பதில் ஒரு ஏமாற்று ரொம்ப நாளாக நடக்கிறது. அமெரிக்கக் கடற்கரையில் ஒரு சங்கு வகை இருக்கிறது. அதற்கு இயல்பே இடச்சுற்று, ஆயிரக்கணக்கில் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து வலம்புரி என்று விற்கிறார்கள். திறப்புக்குள் டார்ச் அடித்து, நடுத்தண்டைப் பாருங்கள். நம் சங்கில் தண்டின்மேல் மூன்று நான்கு மடிப்பு வரிசையாகப் புடைத்திருக்கும். விரலை விட்டாலே தட்டுப்படும். அமெரிக்கச் சங்கில் தண்டு வழவழப்பாக இருக்கும். மடிப்பு இல்லையென்றால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

மனிதன் இருபக்கச் சமச்சீர் என்றால் இதயம் ஏன் இடப்பக்கம்? என் தம்பிக்கு ஸ்கேன் எடுத்தபோது இதயம், கல்லீரல் எல்லாம் பக்கம் மாறி இருப்பதாகச் சொன்னார்கள். அம்மா பயந்துபோயிருக்கிறார்.
– தனியார் நிறுவன ஊழியர், திருப்பூர்

அம்மாவை முதலில் சமாதானப்படுத்துங்கள். எல்லா உறுப்புகளும் ஒழுங்காகப் பக்கம் மாறி இருப்பவர்கள் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒருவர். பலர் தெரியாமலேயே முழு ஆயுளும் வாழ்ந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் ஏற்பாடு கண்ணாடிப் பிம்பம் போல முழுசாகத் திரும்பியிருப்பதால் குழாய்கள் சரியாகவே இணைந்திருக்கும். இதயம் மட்டும் மாறி மற்றவை மாறாதிருந்தால்தான் இதயக் கோளாறுகள் அதிகம். அதற்கும் எக்கோ எடுத்துப் பார்த்துவிடுவார்கள்.

நம் சமச்சீர் தோலோடும் எலும்போடும் தசையோடும் நின்றுவிடுகிறது. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. கல்லீரல் வலது, இரைப்பை இடது. கருவில் இதயம் நடுவில் நேர்க்குழாயாகத்தான் ஆரம்பிக்கிறது, பிறகு வளைகிறது. எந்தப் பக்கம் வளைவது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? 1998ல் டோக்கியோவில் ஹிரோகாவாவின் ஆய்வகத்தில் எலிக் கருவை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். கருவில் ஒரு சிறு குழி. அதில் நுண்ணிய மயிர்கள் சாய்ந்து நின்று, எல்லாம் ஒரே திசையில் சுழல்கின்றன. அந்தச் சுழற்சியால் குழியிலுள்ள திரவம் இடப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் ‘இது இடது’ என்ற முதல் செய்தி. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நீரோட்டம் நம் இதயத்துக்கு இடம் காட்டுகிறது.

அந்த மயிர்கள் அசையாவிட்டால்? இதயம் எந்தப் பக்கம் போவது என்பது காசு சுண்டுவது போல ஆகிவிடும். அத்தகைய குறையோடு பிறப்பவர்களில் பாதிப் பேருக்குப் பக்கம் மாறியிருப்பது அதனால்தான். அதே வகை மயிர்கள் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் சளியை வெளியே தள்ளுவதால், அவர்களுக்கு ஓயாத சளி, சைனஸ், இருமல் தொல்லையும் இருக்கும். 1933ல் கார்டஜெனர் என்ற மருத்துவர் பக்கம் மாறியிருப்பதையும் இந்தத் தொல்லைகளையும் சேர்த்து விவரித்தார். உங்கள் தம்பிக்குச் சிறுவயதிலிருந்து அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான் டாக்டர் அல்ல, விலங்கியல் ஆசிரியை. ஆனாலும் ஒன்று: இந்த விவரத்தை ஒரு தாளில் எழுதி, தம்பியின் பர்ஸில் எப்போதும் வைத்திருக்கச் சொல்லுங்கள். குடல்வால் வலி அவருக்கு இடப்பக்கம் வரலாம். ஈசிஜி எடுக்கிறவரும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்பாவோட நண்டு வலையில் வந்த நட்சத்திர மீனைத் தொட்டியில் விட்டேன் டீச்சர். ஒரு தடவை ஒரு கை முன்னால் போச்சு, அடுத்த தடவை வேற கை. அதுக்கு முன்பக்கம் எது?
– ஏழாம் வகுப்பு மாணவன், தங்கச்சிமடம்

நீ பார்த்தது மிகச் சரி. அதற்கென்று நிரந்தரமான முன்பக்கம் கிடையாது. எந்தப் பக்கம் இரை வாசம் வருகிறதோ, அந்தப் பக்கத்துக் கை வழிகாட்டும், மற்ற நான்கும் பின்னால் வரும். திரும்ப நினைத்தால் உடம்பைத் திருப்பாது, வேறொரு கை பொறுப்பை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு கண்புள்ளி உண்டு. மூளை இல்லை. வாயைச் சுற்றி ஒரு நரம்பு வளையம், அதிலிருந்து கைக்கு ஒரு நரம்பு.

முதுகுப்பக்கம் உற்றுப் பார். நடுவிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கைகளுக்கு இடையில், பொத்தான் மாதிரி ஒன்று தெரியும். உள்ளே இருக்கும் நீர்க்குழாய்களின் வாசல் அது. ஐந்து பக்கமும் ஒன்றாக இருக்கும் உடம்பில் அது ஒன்றுதான் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. அதை அடையாளமாக வைத்துக் கைகளுக்கு 1, 2, 3, 4, 5 என்று நோட்டில் எண் போட்டுக்கொள்.

2023ல் வெளியான ஓர் ஆய்வில், நட்சத்திர மீனின் தோலில் எந்தெந்த ஜீன்கள் எங்கே வேலை செய்கின்றன என்று வரைந்து பார்த்தார்கள். மற்ற விலங்குகளில் தலையை உருவாக்கும் ஜீன்கள் ஐந்து கைகளிலும் இருந்தன. நடு உடம்பை உருவாக்கும் ஜீன்கள் தோலில் ஏறக்குறைய இல்லை. அப்படிப் பார்த்தால் உன் தொட்டியில் ஊர்வதில் பெரும்பகுதி தலைதான்.

நாளைக்கு அதைத் தண்ணீருக்குள்ளேயே மல்லாக்கத் திருப்பி வைத்துப் பார். கை நுனிகளை மடித்து, குழாய்க்கால்களால் தரையைப் பற்றி, தானே புரண்டு நேராகிவிடும். எந்த எண்ணுள்ள கை முதலில் மடிந்தது, எத்தனை நிமிஷம் ஆனது என்று குறித்துக்கொள். இரண்டு தடவை போதும், அதற்கும் களைப்பு உண்டு. அப்புறம் அப்பா கடலுக்குப் போகும்போது ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்து, பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடச் சொல். உன் கணக்கை எனக்கு எழுது.